அப்பா ஸ்கிப் செய்த பாட்டு

வாய்ப்பந்தல் போடுவதில் என் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. வேலைக்காக நாடு விட்டு நாடு போனவன், "தினமும் கேம்ல சந்திச்சுக்கலாம்" என்று சொல்லி ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி அனுப்பினான். பழைய கிரேக்கக் காவியங்களின் பாணியில் அமைந்த விளையாட்டு. போர் முடிந்து கப்பலில் வீடு திரும்ப வேண்டும். வழியெல்லாம் தீவு, புயல், ராட்சதர்கள். அண்ணன், நான், அப்பா மூவரும் ஒரே படை. அப்பா ஓய்வு பெற்ற லாரி டிரைவர் என்பதால் கப்பல் ஓட்டும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். கண்ணில் புரை விழுந்த பிறகும் சுக்கானை விடவில்லை. பாறையில் மோதினால், "பிரேக் பிடிக்கலை" என்பார்.

விளையாட்டைத் திறந்ததும் அரண்மனைக் கூடத்தில் ஒரு குருட்டுப் பாடகன் யாழை மீட்டுவான். போன தடவைக்குப் பிறகு எங்களில் யார் என்ன செய்தோம் என்று அங்கேயே கட்டிப் பாடுவான். "அந்தக் காலத்துல கிரேக்க நாட்டுல காவியத்தை யாரும் புத்தகம் வச்சுப் படிக்கலை. சபைக்குத் தகுந்த மாதிரி நீட்டி, சுருக்கிப் பாடுவாங்க. ஆளுக்கொரு பட்டம் ரெடியா இருக்கும், அதைச் செருகிச் செருகித்தான் பாட்டு ஓடும்" என்று அண்ணன் விளக்கினான். அவன் 'அலைகளை ஏய்த்த மூத்தவன்'. நான் 'குறி தவறாத இளையவள்'. அப்பா 'துறைமுகம் மறவாத பெரியவர்'.

ஆரம்பத்தில் அப்பா தொடையில் தாளம் போட்டுக் கேட்பார். கொஞ்ச நாளாகப் பாடகன் வாயைத் திறந்ததுமே பொத்தானை அழுத்தி ஸ்கிப் செய்துவிடுகிறார். "இவன் ஆரம்பிச்சா லேசுல விடமாட்டாம்மா" என்பார். சலித்துவிட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். மெழுகில் பல் வரிசை வைத்து வைத்துக் கழுத்து கோணியதுதான் மிச்சம். போன மாதம்தான் வேறு ஊரில் ஒரு பெரிய லேப் என்னைத் தலைமைப் பொறுப்புக்குக் கூப்பிட்டிருந்தது. இந்தத் திங்கட்கிழமை சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு. அந்த வாரமே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். சொட்டு மருந்து விட, கூடவே இருக்க ஆள் வேண்டும். "நீ தைரியமா போ. நான் லீவு போட்டு ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்று அண்ணன் சத்தியம் செய்தான். வேலை கழுத்தை நெரிப்பதால் விளையாடக்கூட நேரமில்லையாம், பாவம். நானும் நம்பிப் பெட்டி கட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா குளிக்கப் போயிருந்தார். துணி மடித்தபடியே விளையாட்டைத் திறந்தேன். கை வேலையாக இருந்ததால் பொத்தானைத் தொடவில்லை. பாடகன் பாடினான்.

"அலைகளை ஏய்த்த மூத்தவன் நேற்றொரு தீவை வென்றான். இன்று நண்பகலில் புதுத் தோழர்களோடு விருந்துண்டான். அடுத்த முழுமதி வரை கரை ஏறேன் என்று அவர்களுக்கு வாக்குத் தந்தான்."

அடப்பாவி! மாதம் முழுக்க நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான், மறுநாள் இங்கே வந்து நிற்க வேண்டியவன். உடனே போன் போட்டேன்.

"நாளைக்கு வர்றியா, இல்லையா?"

"லீவு கிடைக்கலைன்னு போன மாசமே அப்பாகிட்ட சொல்லிட்டேனேம்மா. உன்கிட்ட மட்டும் வர்றேன்னே சொல்லச் சொன்னதும் அவர்தான்."

"லீவு கிடைக்காதவனுக்குத் தீவு பிடிக்க நேரம் கிடைக்குதோ?"

வைத்துவிட்டான்.

அண்ணன் புளுகுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அப்பா? போன மாதமே தெரிந்திருந்தால் நர்ஸ் ஒருத்தியை ஏற்பாடு செய்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். கடைசி நேரத்தில் நான் போக முடியாமல் போகட்டுமென்று என்னை நம்ப வைத்து, அவன் குட்டு உடையாமல் பாட்டை ஸ்கிப் செய்து, கூட இருந்தே கழுத்தறுத்திருக்கிறார்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "என்னம்மா, பாட்டு ஓடுது?" அவர் கை தானாகவே பொத்தானைத் தேடியது.

"எல்லாத்தையும் பாடி முடிச்சுட்டான்பா."

துண்டோடு அப்படியே உட்கார்ந்தார். "அவனும் ரெண்டே வருஷம்னு சொல்லித்தான் போனான். நீயும் போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா?"

"அதுக்கு? சரி, ஆபரேஷனை அங்கயே வச்சுக்கலாம். உங்க மகன் வீட்டுக்கே டிக்கெட் போடறேன்."

தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டேன்மா. எத்தனையோ தடவை கேட்டுட்டேன். தோதுப்படாதுப்பான்னுட்டான்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அவன்கிட்ட அத்தனை தடவை கேக்கத் தெரிஞ்ச வாய்க்கு, என்கிட்ட ஒரு தடவை கேக்கத் தெரியலையாப்பா? 'இரும்மா'ன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேனே!"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ.

"இப்பக் கேக்கறேன். இரும்மா."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆபரேஷனைத் தள்ளி வைத்தேன். அவர் கேட்டது ஒரு மாதம் தாமதம்; என் பஸ் டிக்கெட்டைத் தள்ளி வைக்கவில்லை.