பொழுதுபோக்காகப் படம் வரைவார்

குளவியின் கால் மூன்றாவது முறையும் கரண்டுக் கம்பி மாதிரியே வந்தது. லேசாகத் தொட்டு ஆரம்பித்து, தொடையில் அழுத்தி, நுனியில் மூச்சு விடுவதுபோல விட்டுவிடுவது அவள் வழக்கம். கணினியோடு இணைத்த வரைபலகையின்மேல் கை அப்படித்தான் போயிற்று. திரையில் பார்த்தால் ஆரம்பம், நடு, நுனி எல்லாம் ஒரே தடிமன். பேனாவை அழுத்தினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, கணினிக்கு எதுவும் உறைக்கவில்லை. மணி பதினொன்று. ஐந்து மணிக்குள் குளவி, அந்துப்பூச்சி, கம்பளிப்பூச்சி மூன்று பக்கமும் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முப்பத்திரண்டு பூச்சிகளில் இருபத்தொன்பது ஏற்கெனவே போய்விட்டன. எட்டு வருடம் ஒரு பெரிய ஓவியரிடம் உதவியாளாக இருந்தவள் அவள். இலையும் பூச்சியும் இவள் வரைவாள், கையெழுத்து அவர் போடுவார். இப்போதுதான் முதல்முறையாக ஒரு புத்தகத்தின் அட்டையில் அவள் பெயர், தனியாக, வரப்போகிறது. பேனாவுக்கு மரத்துப்போக வேறு நாளே கிடைக்கவில்லையா?

பேனா என்ன செய்யும், பாவம். செய்ததெல்லாம் அவளைக் கட்டிய வீட்டுக்காரர். ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் என்றால் உயிர். அதன் சின்னம் போட்ட சட்டையாக வாங்கி வாங்கி மாட்டிக்கொண்டதில் தெருவில் அவருக்குப் பெங்குயின் என்றே பெயர். கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார். அக்காவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாக இவள் மூன்று நாள் போயிருந்தாள். நேற்று ராத்திரி பையைக் கீழே வைக்கும் முன்பே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கணினிமுன் நிறுத்தினார். உள்ளே இருந்ததையெல்லாம் வழித்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தார்.

"இனிமே வைரஸ் கிடையாது, காசு கட்டு காசு கட்டுன்னு தொல்லை கிடையாது. நாம யாருக்கும் அடிமை இல்ல!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா அப்புறம் அது என்ன சர்ப்ரைஸ்?"

மனிதர் நல்லவர் என்பதுதான் இதில் பெரிய வயிற்றெரிச்சல். குடிக்கிறவன், கை நீட்டுகிறவன் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். 'என் கம்ப்யூட்டரை எனக்குத் தெரியாமல் புதுசாக்கிவிட்டார்' என்று யாரிடம் போய் அழுவது? கேட்கிறவர்கள், உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்பார்கள்.

காலை ஆறு மணியிலிருந்து அவர் கறுப்புத் திரையில் கட்டளைகளாகத் தட்டிக்கொண்டிருந்தார். பேனா பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் ஒன்றை இறக்கினார். அது சரிவரவில்லை என்று அதன்மேலேயே இன்னொன்றை இறக்கினார். இரண்டு தடவையும் சிவப்பு எழுத்தில் ஒரே பிழைச்செய்தி வந்தது. "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற அவள் சும்மா இருக்கமுடியாமல் மவுஸை வாங்கி வரையும் மென்பொருளைத் திறந்து பிரஷ் பெட்டியைப் பார்த்தாள்.

"ஏங்க, என் பிரஷ் எல்லாம் எங்க?"

"அதான் வலது பக்கம் வரிசையா இருக்கே. இருநூறு இருக்கு. எல்லாமே இலவசம்."

"இது இல்ல. நான் செஞ்சது."

அவர் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. "படம் எல்லாம் எடுத்து வெச்சேனே. டாக்குமெண்ட், போட்டோ, உன் பாட்டுகூட விடல."

"பிரஷ்?"

"அது எந்த ஃபோல்டர்ல இருந்துச்சு?"

கணினியில் பிரஷ் என்பது கைப்பிடியும் மயிருமா? எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு மை, எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு அகலம் என்று எட்டு வருடமாகத் தட்டித் தட்டிச் சேர்த்த கணக்கு அது. ஈரமுடி, காய்ந்த முடி, வண்டு முதுகு, இறக்கை நரம்பு என்று அறுபத்தொன்றுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். மென்பொருள் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தது. ஊரில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் 'பேக்கப் எடுத்தியா, பேக்கப் எடுத்தியா' என்று ஓதுகிற மனிதர், கண்ணில் பட்ட பெட்டிகளை மட்டும் வெளியே தூக்கி வைத்துவிட்டு வீட்டை இடித்துவிட்டார். பரணில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் குடியிருப்பவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மறுபடி செஞ்சுக்கலாம்தானே?" என்றார், மெதுவாக.

"செஞ்சுக்கலாமே. உங்க பத்து விரலையும் நறுக்கிட்டு, முளைக்கட்டும்னு உட்காந்திருங்க. நானும் பக்கத்துல உட்காந்து பார்க்கிறேன்."

அந்த நேரம் அவர் கைப்பேசி அடித்தது. எதிர்வீட்டு அண்ணனுக்குப் பிரிண்டர் ஓடவில்லையாம். "பத்தே நிமிஷம், வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது அவருடைய வேதவாக்கு. தானே வளரவேண்டிய பிள்ளை இங்கே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

குளவியை மூன்று முறை போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான். மூன்றாவது காலோடு பேனாவை வைத்துவிட்டு, அந்தச் சிவப்பு எழுத்துச் செய்தியை அப்படியே இணையத்தில் போட்டுத் தேடினாள். முதலில் வந்தது அவர் எப்போதும் குடியிருக்கும் லினக்ஸ் மன்றம். கேள்வி கேட்டிருந்தவரின் படம் ஒரு பெங்குயின். தேதி முந்தாநாள்.

"நண்பர்களே, என் வீட்டுக் கணினியையும் விடுதலை செய்துவிட்டேன். மனைவி பொழுதுபோக்காகப் படம் வரைவார். அவருடைய பேனாவில் அழுத்தம் வேலை செய்யவில்லை, கீழ்க்கண்ட பிழை வருகிறது. அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும்."

முந்தாநாளே தெரியும்! தெரிந்துகொண்டே நேற்று ராத்திரி இளித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கீழே பதினான்கு பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு மனிதர்தான் உருப்படியாகக் கேட்டிருந்தார்: எந்தப் பேனா, சாய்வும் வேண்டுமா, எந்த மென்பொருளில் வரைகிறார், அவரையே கேட்டுச் சொல்லுங்களேன். அதற்கு இவர் பதில்: "அதெல்லாம் அவருக்குத் தெரியாது சார். சாதாரணக் கோடு வந்தாலே போதும்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். காது சுட்டது. விடிய விடிய உட்கார்ந்து தும்பியின் ஒற்றை இறக்கைக்கு நானூறு கட்டம் போட்டபோது, பின்னால் வந்து நின்று "இன்னுமா தூங்கல?" என்று கேட்டவர்தானே இவர்? எதைப் பார்த்துக் கேட்டார்? மன்றத்தில் தனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கினாள். பேனாவின் மாதிரி எண், பலகையின் அளவு, எந்த டிரைவருக்குமேல் எந்த டிரைவர் ஏறியிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். கடைசியில், "மேலே சொன்ன மனைவி நான்தான். இது பொழுதுபோக்கு இல்லை, தொழில். மாலை ஐந்து மணிக்குப் படம் போகவேண்டும். அவசரம்" என்று எழுதி அனுப்பினாள்.

கால்மணி நேரத்தில் அந்த மனிதரிடமிருந்து பதில் வந்தது. "அம்மா, இரண்டு டிரைவர்கள் ஒரே பேனாவைப் பிடித்து இழுக்கின்றன. பிற்பாடு போட்ட இரண்டையும் நீக்கிவிடுங்கள், லினக்ஸோடு வந்ததே போதும். அணைத்துப் போட்டபின் மென்பொருள் அமைப்பில் அழுத்தத்தை இயக்குங்கள்." அவ்வளவுதான். அந்த மனிதர் பதிலோடு எழுதித் தந்த கட்டளையைக் கறுப்புத் திரையில் தட்டினாள். கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அவள் கணினி, அவள் மேஜை, அவள் வாங்கிய பலகை. கடவுச்சொல் மட்டும் அவளுக்குத் தெரியாது.

எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் பிரிண்டருக்குள் தலையை விட்டிருந்தார். அண்ணன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்வேர்ட் என்ன?"

"நீ எதையும் தொடாதே, நான் வந்து..."

"பாஸ்வேர்ட் என்னன்னு கேட்டேன்."

அண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டார். வீட்டுக்காரர் முகத்தில் மை அப்பியிருந்தது. "சுதந்திரம்," என்றார் தரையைப் பார்த்து. "இங்கிலீஷ் எழுத்துல. கடைசியில ஒண்ணு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்து இருமலாகப் போயிற்று. அவள் சிரிக்கவில்லை. திரும்பி வந்து சுதந்திரத்தை எழுத்து எழுத்தாக அடித்தாள், இரண்டு டிரைவர்களையும் பிடுங்கி எறிந்தாள், அணைத்துப் போட்டாள். பேனாவை வைத்து இழுத்தபோது கோடு மெலிந்து, பருத்து, மறுபடி மெலிந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கோடு வந்தால் போதுமா? ஈரமுடியும் காய்ந்த முடியும் எங்கே? மற்ற இருபத்தொன்பது பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் ஒவ்வொரு முடியையும் கையால்தான் போட்டாக வேண்டும். குளவியைச் சமாளிக்கலாம், அந்துப்பூச்சியையும் சமாளிக்கலாம். கம்பளிப்பூச்சிக்கு உடம்பே முடிதானே? மணி ஒன்றரை. பதிப்பாசிரியை அம்மாவை அழைத்து, கடைசிப் பக்கத்துக்கு மட்டும் நாளைக் காலைவரை நேரம் கேட்டாள். காரணம் சொல்ல வாய் வரவில்லை, கம்ப்யூட்டர் கோளாறு என்றாள்.

"அச்சகத்துல இன்னிக்கு அஞ்சு மணின்னு சொல்லிட்டாங்கம்மா. ஒண்ணு செய்யலாம். உங்க பழைய சார்கிட்ட ஒரு கம்பளிப்பூச்சி ரெடியா இருக்காம். அதை வாங்கிப் போட்டுக்கறேன். அட்டையில ரெண்டு பேர் பேரும் போட்டா ஆச்சு."

அவரிடம் இருக்கும் கம்பளிப்பூச்சி யார் வரைந்தது என்று அவளுக்குத் தெரியாதா? "வேண்டாம் மேடம். மூணும் நானே தரேன்" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் தலை நிமிரவில்லை. நாலு மணி அடித்தபோது குளவியும் அந்துப்பூச்சியும் போய்ச் சேர்ந்திருந்தன. கதவு திறந்த சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் கைப்பேசியோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"மன்றத்துல பார்த்தேன்," என்றார். "நான் எழுதினதை எடுத்துடவா?"

"எதுக்கு? இருக்கட்டும். பதினாலு பேர் வாழ்த்துச் சொல்லியிருக்காங்க."

"தெரியாம எழுதிட்டேன். நான் என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்."

"மேடத்துக்குப் போன் போடுங்க. ஏழு மணிவரைக்கும் அச்சகத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. ஏன்னு கேப்பாங்க. நீங்க என்ன செஞ்சீங்களோ அதை அப்படியே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல."

"நானா? நீ பேசினா அவங்க..."

"என் கை காலியா இல்ல."

அவர் மேஜைமேல் இருந்த அவள் கைப்பேசியை எடுத்து எண்ணைப் போட்டார். மணி போயிற்று. அறை முழுக்க அந்தச் சத்தமும், பலகைமேல் பேனா நுனி உரசும் சத்தமும் மட்டும் இருந்தன.

"ஹலோ, சொல்லுங்கம்மா."

"மேடம், நான்... அவங்க வீட்டுக்காரர் பேசறேன்."

"அவங்க இல்லையா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

"வேலையில இருக்காங்க மேடம்."

"சரி, என்ன விஷயம்? இங்க அச்சகத்து ஆள் உட்காந்திருக்காரு, சீக்கிரம் சொல்லுங்க."

அவர் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். திரையில் கம்பளிப்பூச்சிக்குத் தலையிலிருந்து நடு உடம்புவரை முடி முளைத்திருந்தது. மீதிப் பாதி வழவழவென்று மொட்டையாகக் கிடந்தது. அவள் பேனாவை எடுத்து, லேசாகத் தொட்டு, அழுத்தி, விட்டு, அடுத்த முடியைப் போட்டாள்.