திறப்பது பாதி வேலை

தச்சர் கடப்பாரையைக் கதவிடுக்கில் செருகி மறுபடியும் நெம்பினார். கதவு முனகியதே தவிர அசையவில்லை.

"படுக்கிற ரூமுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய பூட்டு?" என்றார் மூச்சு வாங்கியபடி.

"எங்கண்ணனைப் பத்தி அப்புறம் பேசலாம். நெம்புய்யா" என்றார் சித்தப்பா.

மகள் கண்ணாடிக் கடையிலிருந்து ஓடி வந்திருந்தாள். கழுத்தில் கடையின் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போன் செய்தது மாடியில் குடியிருக்கும் சித்தப்பாதான். வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்று அப்பா சாப்பிட்டதும் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாராம். கூப்பிட்டால் குரலே இல்லையாம். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் கைகள் ஈரமாக இருந்தன. துடைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றாதவள் போல அவற்றைத் தொங்கவிட்டிருந்தாள்.

மகள் அந்தக் கைகளைப் பார்த்தாள். கடப்பாரைக்கு இத்தனை தண்ணி காட்டும் இந்தப் பூட்டு, அந்தக் கைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது மகளுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, நீ திறந்துடேன்."

"சித்தப்பா நிக்கிறாரு" என்றாள் அம்மா.

அப்பா கிடங்கு மேற்பார்வையாளர். பூட்டுவது கிடங்கில் அவருக்கு உத்தியோகம், வீட்டில் குணம். ரொட்டிக் கடை மாடியிலிருக்கும் பெண்கள் மையத்துக்கு அம்மா சில மாதங்களாகப் போய்வருகிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். அன்று மாலையே வாசல் கதவில் ஒரு பூட்டைப் பதித்தார். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சாவியால் மட்டுமே திறக்கிற பூட்டு. காலையில் அவரும் மகளும் வேலைக்குக் கிளம்புவார்கள், கதவு பூட்டப்படும், சாவி அவர் சட்டைப்பையில் போகும். இன்னொரு சாவி சித்தப்பாவிடம். மகள் ஒருமுறை வாயைத் திறந்தாள். "வேலைக்குப் போறேன்கிற திமிரா?" என்றார். மூடிக்கொண்டாள்.

அம்மா தையல் கற்கப் போவதாகத்தான் அவர் நினைத்தார். மையத்தில் தையலுக்குக் கூட்டம் அலைமோதியது. பூட்டு வேலைக்கு ஒருத்தரும் வரவில்லை. இடம் காலியாக இருந்ததால் அம்மா அதில் சேர்ந்தாள். வாசலில் அவர் பூட்டைப் பதிப்பதற்குள், அதைத் திறக்கிற அளவுக்கு அவளுக்குக் கை வந்துவிட்டது.

மகளுக்கு இது தெரிந்ததே காய்ச்சல் புண்ணியத்தில்தான். ஒருநாள் மதியமே கடையிலிருந்து திரும்பி, பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். தெருவிலிருந்து படியேறி வந்தாள் அம்மா. மகளைக் கண்டதும் முகம் வெளுத்தது. பிறகு பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்துப் பூட்டில் நுழைத்தாள். மகள் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா பூட்டுறாரு, நான் திறக்கிறேன். ஆளுக்கொரு வேலை" என்று சிரித்தாள் அம்மா. அப்படி அவள் சிரித்து மகள் பார்த்ததில்லை. உள்ளே போனதும் அதே கம்பிகளால் கதவைப் பூட்டினாள்.

"அதான் உள்ள வந்தாச்சே, எதுக்குப் பூட்டுற?"

"மையத்துல எங்களுக்குப் பாடம் எடுக்கிற சாவியக்கா சொல்லிக் குடுத்தது. திறக்கிறது பாதி வேலைதானாம். இருந்த மாதிரியே பூட்டிட்டு வர்றதுதான் மீதியாம்."

வரும் திங்கட்கிழமை, சந்தை முனையில் மையம் எடுத்துக் கொடுத்த சின்னக் கடையில் அம்மா உட்காரப்போகிறாள். பலகையில் 'பூட்டு, சாவி பழுது பார்க்கப்படும்' என்று எழுதியாகிவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. இந்த வாரம் முழுவதும் தாயும் மகளும் அதைத்தான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

மரம் பிளந்து அறைக்கதவு திறந்தது.

அப்பா கட்டிலருகே தரையில் மல்லாந்து கிடந்தார். சித்தப்பா "அண்ணே" என்று விழுந்து அவர் மார்பில் காதை வைத்தார். வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை, அப்படியே குலுங்கி அழுதார். மகள் அருகே போனாள். அப்பாவின் தலைக்குக் கீழே ஒரு துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. சமையலறை ஆணியில் தொங்குகிற கைத்துணி. பக்கத்தில் தரையில் ஒரு டம்ளர், பாதித் தண்ணீரோடு. விளிம்பு நசுங்கிய அந்த டம்ளரில் காலையில் தண்ணீர் குடித்துவிட்டு, கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தவள் மகள்தான். அப்பா அதைத் தொட மாட்டார். அவருக்கென்று தனி டம்ளர் உண்டு.

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள். அவள் கண் டம்ளரின் மேல் இருந்தது.

தெருக்கோடி டாக்டர் வந்தார். இதயம் என்றார். "விழுந்த உடனே பார்த்திருந்தா ஒருவேளை..." என்று இழுத்தார்.

"சாவி அவர் பையில இருக்கு டாக்டர். உள்ள பூட்டிக்கிட்ட மனுஷனை யார் என்ன பண்ண முடியும்?" என்ற சித்தப்பாவின் பார்வை தரையில் நின்றது. "தண்ணி குடிக்க எந்திரிச்சிருக்காரு பாவம். ஆமா, இந்தத் துணி எப்படி இங்க வந்துச்சு?"

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? கனம் அம்மாவின் மடியில். பயம் என்னவோ மகளுக்குத்தான் வந்தது.

"நான்தான் காலையில தரையைத் துடைச்சுட்டு மறந்து வெச்சிட்டேன்" என்றாள் மகள். தலைக்குக் கீழே அத்தனை ஒழுங்காக மடித்துக் கிடந்த துணிக்கு அந்தப் பொய் கொஞ்சமும் பொருந்தவில்லை. சித்தப்பா ஏதோ கேட்க வாயெடுத்தார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

குழாயைத் திறந்து, தேவைக்கு மேல் தேய்த்துக் கழுவினாள். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"தொப்புன்னு சத்தம் கேட்டுது. ஓடிப்போய்த் திறந்தேன்" என்றாள், கேட்காமலே. "கண்ணு முழிச்சிருந்தாரு. தலைக்குத் துணி வெச்சேன். தண்ணி குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாரு."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"எப்படி உள்ள வந்தேன்னு கேட்டாரு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ என்னம்மா சொன்னே?"

"கத்துக்கிட்டேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வெளிய வந்து இருந்த மாதிரியே பூட்டிட்டேன். கை தானா பண்ணிடுச்சு. பூட்டினதுக்கப்புறம்தான் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்."

நீ பூட்டும்போது அவருக்கு மூச்சு இருந்ததா? அந்த ஒரு கேள்வி மகளின் நாக்கு நுனியில் நின்றது. அம்மா அதற்காகக் காத்திருந்தாள் என்றே தோன்றியது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அம்மாவுக்குப் பொய் வராது. அதனால்தான் மகள் கேட்கவில்லை. டம்ளரைத் துடைத்து அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் மாலைக்குள் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் கிளம்பினார்கள். சித்தப்பா அப்பாவின் சாவிக்கொத்தைத் தன் பையிலிருந்து எடுத்து, எடை பார்ப்பவர் போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும் அண்ணி. ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கீங்க. அண்ணன் இருந்தப்ப எப்படியோ, அப்படியே நடக்கட்டும்."

அம்மா தலையசைத்தாள். சித்தப்பா நிலைப்படியில் ஒரு கணம் நின்று, உடைந்து கிடந்த அறைக்கதவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"தரை துடைச்ச துணின்னியே, சுத்தமா இருந்துச்சும்மா" என்றார். வெளியே போனார். பூட்டு இரண்டு முறை சுற்றியது. செருப்புச் சத்தம் படியேறி மாடியில் அடங்கியது.

அம்மா எழுந்தாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து கம்பிகளை எடுத்து வாசல் பூட்டில் நுழைத்தாள். கதவை ஓராள் நுழையும் அளவுக்குத் திறந்தாள். வெளியே போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"காலையில சித்தப்பா பார்ப்பாரும்மா" என்றாள் மகள்.

"பார்க்கட்டும்."

"பார்த்தா எல்லாத்தையும் யோசிப்பாரும்மா. துணி, டம்ளர், எல்லாத்தையும்."

அம்மா கம்பிகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூட்டிடுறியாம்மா? இன்னைக்கு மட்டும்."

"திங்கட்கிழமை கடை திறக்கணும்" என்றாள் அம்மா. "பூட்டினது போதும்."

மகள் அவளருகே தரையில் உட்கார்ந்தாள். படிக்கட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது. திறந்த கதவின் இடைவெளியில் அப்பாவின் செருப்பு தெரிந்தது. அவர் கழற்றிப் போட்டது போட்டபடி, வீட்டைப் பார்த்துக் கிடந்தது.