ரேஷன் கார்டில் இருக்கும் ஆள்

சொர்ணத்துக்கு ஆள், எனக்குப் பேர். எட்டு வருஷமாக எங்கள் பங்கீடு இதுதான். என் புருஷன் தனபாலன் எங்கள் கால்வாய்க் கரையிலேயே, இரண்டு சந்து தள்ளி, அவளோடு குடித்தனம் நடத்துகிறான். ஆனால் ரேஷன் கார்டில் அவன் என் வீட்டில்தான் இருக்கிறான். குடும்பத் தலைவர் என்று மீசையோடு அவன் படம், கீழே அன்புக்கரசி என்று என் பெயர். அவன் பெயரை எடுத்துவிடச் சொல்லி சொர்ணம் பல முறை ஆள் அனுப்பினாள். உயிர் போனாலும் எடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.

கேட்பவர்களுக்கு இது அற்பமாகப் படலாம். காலையில் நான் லஸ் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். தேனாம்பேட்டையில் ஒரு ஆபீஸ் கேன்டீனில் எனக்குச் சமையல் வேலை. அப்போது அவன் ஆட்டோ என்னைத் தாண்டிப் போகும். பின்னால் சொர்ணம், தி. நகர் துணிக்கடை யூனிஃபார்ம் புடவையில், தலை கொள்ளாத பூவோடு. மடியில் அவர்களுடைய பெண் குழந்தை. எனக்குக் குழந்தை இல்லை. நான் கூட இருந்த காலத்தில் என்னை ஒரு நாள்கூட வேலைக்குக் கொண்டுபோய் விட்டதில்லை, சவாரி கெட்டுவிடுமாம். தினமும் பார்க்கிறேன், தினமும் வயிறு எரிகிறது. வேறு ஸ்டாப்புக்குப் போய் ஏறலாம். போகமாட்டேன். பார்க்காமல் இருப்பது அதைவிடக் கொடுமை.

இப்படி இருக்கும்போதுதான் போனில் அந்தக் குரல் வந்தது. எங்கள் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு அரசாங்கத்தில் புதுசாகக் கட்டப் போகிறார்கள். முதல் கட்டடத்தில் எல்லாருக்கும் இடம் பத்தாது. மீதிப் பேர் அடுத்த கட்டடம் எழும்பும் வரை வாடகை வீட்டில் காத்துக் கிடக்க வேண்டும். செல்வாக்கு உள்ளவன்தான் முந்துகிறான் என்ற புகார் இந்த முறை வேண்டாம் என்று செயற்கை நுண்ணறிவை இறக்கியிருந்தார்கள். அது வீட்டுக்கு வீடு தானே போன் செய்யும். சொன்னதைக் கார்டோடும் கேஸ் சிலிண்டர் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். மனு கொடுக்கத் தெரியாமல் விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடிக்கும். கடைசியில் ஓர் அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். துணையில்லாமல் தனியாக இருக்கும் பெண்களுக்கு முதல் இடம் என்று விதி.

எங்கள் சந்தே அந்தக் குரலிடம் மயங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ரூபீனா தன் மாமியார் செய்கிற கொடுமையை எல்லாம் அதனிடம் கொட்டினாளாம். "எம்மாம் பொறுமையா கேட்டுச்சு தெரியுமா, யக்கா" என்று ஒரு வாரம் அதே பேச்சு.

எனக்கு அழைப்பு வந்தபோது கேன்டீனில் சாம்பாருக்குப் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"வணக்கம் அம்மா. உங்கள் கார்டில் தனபாலன் என்று ஒருவர் இருக்கிறார். அவர் உங்களோடுதான் வசிக்கிறாரா?"

அந்தக் கேள்வியை நேருக்கு நேர் என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்கே தெரியும், அதனால் கேட்க மாட்டார்கள்.

"பின்ன எங்க இருப்பாரு? இங்கதான் கீறாரு" என்றேன்.

"தனியாக இருந்தால் வீட்டுக்கு முன்னுரிமை உண்டு அம்மா. நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்."

யோசிக்க என்ன இருக்கிறது? இல்லை என்று சொன்னால் அவன் பெயர் கார்டிலிருந்து கழன்றுவிடும். நாளைக்கே சொர்ணம் அதைத் தன் கார்டில் ஏற்றிக்கொள்வாள். வீடு போனால் போகட்டும்.

"காலைல கூட நெத்திலி கொயம்பு ஊத்தி சாப்ட்டுதான் போனாரு. போதுமா?" என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்குப் பூராவும் மனசு குளுகுளு என்றிருந்தது. சாயங்காலம் ரூபீனாவிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அந்தக் குளிர்ச்சி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்க் குழாயடியில் ரூபீனா விஷயத்தைச் சொன்னாள்.

"சொர்ணத்துக்கு வூடு வந்துட்ச்சாம் யக்கா. மொத கட்டடத்துலயே. செக்கிங் ஆவணும், அவ்ளோதான்."

குடம் நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

"அவளுக்கா? அவளுக்கு எப்டிடீ? ஆம்பள துணை கீற வூட்டுக்கு எப்டி குட்த்தாங்க?"

"அவகிட்டயும் போன்ல கேட்டுச்சாம். எங்கூட யாரும் இல்ல, நானும் கொயந்தயும்தான்னு சொல்ட்டாளாம். ஒத்து பாத்தா, கார்டுல அந்த ஆளு உன் வூட்ல கீறாரு. நீயும் இங்கதான் கீறாருன்னு சாட்சி சொல்லிகீற. அப்புறம் அவ தனிதானே?" ரூபீனா குழாயை மூடினாள். "நீதான் யக்கா அவளுக்கு வூடு வாங்கி குட்த்திருக்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். போனில் பேசிய அந்த மகராசி மேல் ஆத்திரம், சொர்ணம் மேல் ஆத்திரம், நெத்திலிக் குழம்பு ஊற்றிய என் வாய் மேல் எல்லாவற்றையும் விட ஆத்திரம். ஆளும் அவளுக்கு, இப்போது வீடும் அவளுக்கு. எனக்கு மிச்சம் ஒரு பிளாஸ்டிக் அட்டை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. அந்த ஆட்டோவின் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கதவைத் திறந்தால் தனபாலன் தோளில் பையோடு நிற்கிறான்.

"இன்னாமே, நல்லா கீறியா?" என்றான், நேற்றுதான் வெளியே போனவன் மாதிரி.

எட்டு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டு வாசலில் அவன் செருப்பு. நான் மானம் கெட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதற்கு வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. சாந்தோம் கடற்கரைக்கு ஓடி வஞ்சிரம் வாங்கி வந்தேன். அவனுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தேன். சந்துக்காரிகள் எட்டிப் பார்க்கட்டும் என்று கதவை விரியத் திறந்து வைத்தேன். முக்கியமாக, இந்தச் செய்தி இரண்டு சந்து தாண்டிப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சோற்றைப் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவனே வாயைத் திறந்தான்.

"நாளிக்கு ஆபீசரு வர்றாரு அன்பு. அதுக்கு முன்ன அந்த போன் பேசும். வூட்டுக்காரர் இங்கதானே கீறாருன்னு கேட்டா, ஆமான்னு சொல்லிடு. சொர்ணம்தான் சொல்லுச்சு, ரெண்டு நாள் அக்கா வூட்டாண்ட போய் இருந்துட்டு வான்னு."

"சொர்ணம் அனுப்புச்சா?"

"ஆமா. செக்கிங் முடிஞ்சதும் கெளம்பிடுவேன். உனுக்கு ஒன்னும் தொல்ல இல்ல."

கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். என் புருஷனை எனக்கே இரவல் கொடுத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக்கு முறுக்கு அச்சு கொடுப்பது போல, இரண்டு நாளில் திருப்பித் தந்துவிடு என்று. அவளுக்கு என் மேல் பொறாமை துளிகூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த பெயரால் அவளுக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

போன் அடித்தது. அதே குரல். அவன் எச்சில் கையை ஆட்டி, சொல்லு சொல்லு என்று ஜாடை காட்டினான். என்னிடம் அவன் எதையாவது கெஞ்சிக் கேட்டது அன்றைக்குத்தான்.

"வணக்கம் அம்மா. அதிகாரி வருவதற்கு முன் ஒரு முறை சரிபார்க்கிறேன். முன்பு சொன்னதில் மாற்றம் இருந்தால் இப்போது சொல்லலாம். அதனால் உங்களுக்கு எந்தத் தொல்லையும் வராது. திரு. தனபாலன் உங்களோடு வசிக்கிறாரா?"

"இல்ல" என்றேன்.

அவன் தட்டை விட்டு எழுந்தான். "அடிப்பாவி, அவ வூடு போய்டும்டீ! கொயந்த கீதுமே!"

போகட்டும் என்றுதான் நினைத்தேன். என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்றைக்குப் பொய் சொன்னதும் வயிற்றெரிச்சலில்தான், இன்றைக்கு உண்மை சொன்னதும் அதே வயிற்றெரிச்சலில்தான்.

"அவர் உங்களோடு வசிப்பதில்லை. எவ்வளவு காலமாக அம்மா?"

"எட்டு வருஷம்." மனசுக்குள்கூட நான் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை.

"வேறு யாராவது உங்களோடு இருக்கிறார்களா?"

"யாரும் இல்ல."

"கணவரால் கைவிடப்பட்டவர் என்று பதிவு செய்யட்டுமா அம்மா?"

அவனைப் பார்த்தேன். வாயோரம் சோற்றுப் பருக்கையோடு, என் மீனைப் பாதி தின்றுவிட்டு, என் வீட்டில் நின்றுகொண்டு சொர்ணத்தின் வீட்டுக்காக முழித்துக்கொண்டிருந்தான்.

"அப்டி போடாத. நான்தான் அவன வுட்டேன்னு போடு."

"அப்படி ஒரு பிரிவு இல்லை அம்மா. தனியாக வாழ்பவர் என்று போடலாம்."

"அத்த போடு. கார்டுல அவன் பேர எடுத்துடு." பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அப்ப அந்த சொர்ணத்துக்கு வூடு இல்லதானே?"

"மற்றவர்களுடைய விவரத்தை நான் சொல்ல முடியாது அம்மா. உங்கள் கோரிக்கை நாளை அதிகாரியிடம் போகும். வணக்கம்."

தனபாலன் கைகூடக் கழுவவில்லை. பையை எடுத்துக்கொண்டு, என்னை என்னென்னவோ திட்டிக்கொண்டு இறங்கிப் போனான். ஜன்னலில் நின்று பார்த்தேன். வேறு எங்காவது போவான் என்று ஒரு நப்பாசை. ஆட்டோ நேராக சொர்ணத்தின் சந்துக்குள் திரும்பியது. வயிறு பழையபடி எரிந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சட்டியில் நல்ல நடுத்துண்டு ஒன்று இருந்தது, அவனுக்கு மறுசோற்றுக்கு என்று எடுத்து வைத்தது. அதை என் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.