இறுக்கிய காலர்

தையற்காரருக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வர ஆரம்பித்துச் சில மாதங்களாயிற்று. நூல் அறுந்தால் கத்தல், கதவு கிறீச்சிட்டால் கத்தல். தூக்கமில்லை. மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்துக் கொட்டும். கை நடுங்கி ஊசியில் நூல் ஏறாது, அதற்கும் மனைவிதான் காரணம். தட்டுத் தட்டாகச் சாப்பிட்டும் ஆள் துரும்பாக இளைத்துப்போனார். குடிக்கிறாரோ என்று அவள் மோந்துகூடப் பார்த்தாள். பாவம், மனுஷன் குடித்தது வெறும் தண்ணீர். வாடிக்கையாளர் முன்னால் அவள் மேல் அளவு நாடாவை வீசியெறிந்த அன்று, இனி இவரோடு குப்பை கொட்ட முடியாது, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

போகிற வேளையில்கூடத் தொழில் புத்தி விடுமா? கழுத்து இறுக்குகிறதென்று அவர் கழற்றிப் போட்ட சட்டையையும் கத்தரியையும் கையிலெடுத்தாள். அந்தக் கடையில் துணி வெட்டுவது அவள், தைப்பது அவர். ஏற்கெனவே அவருடைய சட்டைகளைப் பக்கவாட்டில் பிடித்துச் சிறிதாக்கி, காலரை மட்டும் தளர்த்தியிருந்தாள். காலர் துணி சுருங்கிவிட்டதென்று துணிக்கடைக்காரரோடு சண்டை வேறு போட்டிருந்தாள். இப்போது கத்தரியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். ஆள் இளைத்தால் கழுத்தும்தானே இளைக்க வேண்டும்? வேறு யாராவது இந்த அளவோடு வந்திருந்தால் கேட்காமல் விட்டிருப்பாளா?

மல்லுக்கட்டித்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதிலேயே இரண்டு கட்டிகளும் இருக்கின்றன என்றார் டாக்டர். கட்டியில் ஊசி குத்தி எடுத்த பரிசோதனையில் புற்று இல்லை என்று சில நாளில் தெரிந்தது. மாத்திரையில் ஆரம்பிக்கலாம் என்றார். நடுக்கம், வேர்வை, மெலிவு எல்லாம் இதனால்தான், கோபமும்தான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் தையற்காரர் முகம் மலர்ந்தார்.

"பாத்தியா, நான் இல்ல. வியாதிதான் கத்திருக்கு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நிம்மதிதான், ஆனால் ஆத்திரமும் ஆறவில்லை.

"சரி, கத்தினது வியாதியாவே இருக்கட்டும். வாங்கிக் கட்டிக்கிட்டது நான்தானேங்க?"

அவருடைய சிரிப்பு அடங்கியது.

"மன்னிச்சிடும்மா," என்றார். "போயிடாத."

அவள் அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.