மூன்றாம் படியில் என் கால்

செவ்வாய்க்கிழமை நாகம்மா போன் பண்ணினார். என் மகள் வைஷாலியைக் கட்டிக்கொள்ளப் போகிற ரஞ்சனின் அம்மா. அடுத்த மாதம் இங்கே சிங்கப்பூரில் கல்யாணம். மண்டபம், சாப்பாடு, புடவை என்று சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பாத பூஜைக்கு வைஷுவோட பெரியப்பா, பெரியம்மாவ உக்கார வச்சிடலாமா? வீடியோ எல்லாம் எடுப்பாங்க லா."

வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? என் இரண்டு பாதங்களிலும் இருபது வருடமாக வெண்புள்ளி. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் ஊர் வாய்க்குப் பயந்து, கோவில் பிராகாரத்தைக்கூட சாக்ஸோடு சுற்றுகிறவள் நான். ஜாலான் புசாரில் நான் வேலை பார்க்கும் ஹார்ட்வேர் கடையில் என் பாதம் எந்த நிறம் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்காக, நான் பெற்ற மகள் தன் கல்யாணத்தன்று என் காலைக் கழுவக் கூடாதா?

அன்று போனில் 'ம்' என்று மட்டும் சொன்னேன். அந்த 'ம்'முக்காக ஐந்து நாள் என்னையே திட்டிக்கொண்டேன். கணவர் "உன் இஷ்டம் அமலா" என்று பேப்பருக்குள் ஒளிந்துகொண்டார். வைஷாலியிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வைஷாலியும் நாகம்மாவும் செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். நாகம்மாவுக்கு மூட்டுவலி. வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வைஷாலி ஒரு தட்டு முட்டை வாங்கி வந்திருந்தாள். அங்கே போகிறவர்கள் யாரும் முட்டை வேக வைக்காமல் திரும்புவதில்லை.

தண்ணீர் மேலே கொதிக்கக் கொதிக்க வந்து, படிப்படியாக இறங்கி ஆறுகிறது. நாகம்மா நான்காம் படியில் கால் வைத்து உட்கார்ந்தார். நான் அதற்கு மேல், மூன்றாம் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸில் கை வைத்ததும் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி, எதிரே ஒரு குடும்பம். போதும் இந்தப் பயம் என்று இரண்டையும் உருவி எறிந்தேன்.

சீன ஆன்ட்டி ஒருமுறை பார்த்தார். பிறகு தன் முழங்காலில் நீரை ஊற்றிக்கொள்ளப் போய்விட்டார். அவ்வளவுதான்! இதற்கா இருபது வருடம்?

நாகம்மாதான் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார். என் காலைத் தொட்ட நீர்தானே அவரிடம் போகிறது.

"நான் மேல போறேன் சம்பந்தி. அங்க கொஞ்சம் சூடா இருக்கும்."

"தாராளமா போங்க."

இரண்டாம் படியில் கட்டைவிரலை வைத்தார். "ஐயோ!" என்று அலறி, விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி பழைய இடத்துக்கே வந்தார். கால்களை நீருக்கு மேல் தூக்கியபடி உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் தாங்கும்? மூட்டு நடுங்கியது.

வைஷாலி வெந்த முட்டைகளோடு வந்தாள். "அத்தை, ஏன் கால தூக்கி வச்சிருக்கீங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் நான் பேசினேன்.

"என் கால் பட்ட தண்ணியாம். கல்யாணத்துலயும் என் கால் வேணாமாம், பெரியம்மா காலக் கழுவணுமாம். நானும் அன்னைக்கு ம்னு சொல்லிட்டேன். இப்ப சொல்றேன், முடியாது. நான்தான் உக்காருவேன். சாக்ஸ் இல்லாம."

வைஷாலியின் முகம் சிவந்தது. என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கத்துவாள் என நினைத்தேன். அவள் முட்டைத் தட்டை வைத்துவிட்டு என் முன்னால் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் நீரை அள்ளி என் பாதத்தில் விட்டாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

"ரிஹர்சல் அத்தை," என்றாள் திரும்பாமலே. "அன்னைக்கும் இப்படித்தான்."

நாகம்மா எங்களைப் பார்த்தார், தன் மூட்டைப் பார்த்தார். கடைசியில் வலி ஜெயித்தது. மெல்ல இரண்டு கால்களையும் நீரில் இறக்கினார். அவரை அறியாமல் "அம்மாடி" என்று பெருமூச்சு வந்தது.

"இதமா இருக்கா சம்பந்தி?"

"ம்," என்றார்.

"அப்ப அந்த வீடியோக்காரர் நம்பர் குடுங்க. பாதத்த நல்லா கிட்ட வந்து எடுக்கச் சொல்லணும்."