ஆணியில் தொங்கிய கோட்டு

குளிர் எனக்குப் பிடிக்கும் என்றால் பிள்ளைப்பாக்கத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வாலாஜாபாத்தில் பிறந்தவளுக்கு இங்கிலாந்துக் குளிரில் என்ன வேலை என்பார்கள். எனக்கு அங்கே வேலை இருந்தது. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பரிமாறினேன். பக்கத்து வீட்டுக்காரிகளோடு சண்டை போட்டேன், ராசியானேன். ஊரை விட்டுப் போன துக்கத்தை இருபத்தைந்து வருஷமும் என் வீட்டுக்காரர் ஒருத்தரே குத்தகைக்கு எடுத்திருந்தார்.

அவர் பெயர் சபாபதி. முன்பெல்லாம் நான் பெயரைச் சொல்லமாட்டேன். இனிமேல் சொல்லி என்ன குறைந்துவிடப் போகிறது?

பர்மிங்காம் பக்கத்தில் இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை பார்த்தே அவர் நெஞ்சு கெட்டுப்போயிற்று. பனிக்காலத்தில் மாடிப்படி ஏறமுடியாது. நீல நிறப் பம்பு ஒன்றை வாயில் வைத்து, அதில் செருகிய அலுமினியக் குப்பியை அழுத்தி, மருந்தை உள்ளே இழுத்தால்தான் மூச்சு திரும்பும். கம்பளிக் கோட்டின் உள்பைதான் அந்தப் பம்புக்கு வீடு.

வெயில் உள்ள ஊரில் இருந்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் ஒருநாள் சொல்லிவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டார் மனிதர். இங்கே வரும் பென்ஷன், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பில்லுக்கே காணாது, அங்கே போனால் ராஜா மாதிரி இருக்கலாம் என்று வீட்டை விற்றார். எங்கள் மகள் தேவிப்பிரியா அங்கேயே பிறந்தவள், பத்தொன்பது வயது. அவளுக்கு இந்தியாதான் வெளிநாடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள்.

தொண்ணூறாம் வருஷம் தீபாவளி கழிந்து அவர் ஊரான பிள்ளைப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். அவருடைய தம்பி கண்ணப்பன் வீட்டை ஒட்டி எங்களுக்குப் புது வீடு தயாராக இருந்தது. கட்டில், பாய், பாத்திரம் எல்லாம் புதுசு. வந்த அன்று கழற்றிய கோட்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொய் சொல்லக்கூடாது, அவர் தேறினார். விடிந்தால் ஏரிக்கரையில் நடந்தார். மல்லாந்து படுத்துத் தூங்கினார். "பாத்தியா குழலி, நம்ம ஊரு காத்து" என்று தினமும் என்னைச் சீண்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வாக்குவாதத்தில் நான் தோற்றேன், அவர் பிழைத்துக்கொண்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் போகி வந்தது.

எங்கள் பக்கத்தில் பழைய பாயையும் முறத்தையும் கொளுத்தியதெல்லாம் ஒரு காலம். இப்போது ஹைவே பஞ்சர் கடைகளிலிருந்து லாரி டயர்களை உருட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விடியும்போது எதிர்வீடு தெரியவில்லை.

"இன்னாங்க, இந்தப் பொகையில வெளியே போவாதீங்க. ஜன்னல சாத்திக்கினு உள்ளயே குந்துங்க" என்றேன்.

"ஆலைப் பொக வேற, போகிப் பொக வேற. நம்ம ஊரு பொக நம்மள இன்னா பண்ணும்? சின்ன வயசுல இதுலயேதான் நின்னுகினு இருந்தேன்."

"டயருக்கு எந்த ஊருன்னு தெரியுமாப்பா?" என்றாள் தேவிப்பிரியா. அவர் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

வாசலில் கண்ணப்பன் நின்றிருந்தான். "பழசு எதுனா போடுண்ணே. வூட்டுக்கு ஒண்ணு போடணும்."

அவர் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். புது வீட்டில் பழசுக்கு எங்கே போவது? ஆணியில் தொங்கிய கோட்டு ஒன்றுதான் பழசு.

"இனிமே இது எதுக்கு?" என்று எடுத்துக்கொண்டு போனார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் அது நெருப்பில் கிடந்தது. பம்பு எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நோயே போய்விட்டது என்று நம்பிய வீடு அது.

கம்பளி கருகி மயிர் பொசுங்கும் நாற்றம் அடித்தது. திடீரென்று நெருப்புக்குள் 'டப்' என்று ஒரு வெடி. "எவனோ பட்டாசு போட்டுட்டான்" என்றான் கண்ணப்பன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கைதட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது.

தாங்கிப்பிடித்து உள்ளே கொண்டுவந்தோம். உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி ஆகிவிட்டது. பேச்சு வரவில்லை, கதவுப் பக்கம் கையைக் காட்டினார். தேவிப்பிரியா ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது. அவர் நம்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து போனார். ஆணிக்குக் கீழே, கோட்டின் பை இருக்கவேண்டிய இடத்தில், வெறும் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். அதை நான் பார்த்திருக்கவே கூடாது.

கண்ணப்பன் அவரை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ தேடி ஓடினான். வழி முழுக்கப் புகை. வண்டி தட்டுத்தடுமாறி வந்தபோது ஏற்றுவதற்கு அவசரம் இல்லாமல் போயிருந்தது.

மறுநாள் எங்கள் பங்காளி வீடுகளில் பொங்கல் பானை ஏறவில்லை. கண்ணப்பனின் மனைவி செங்கமலம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சொந்த மண்ணுல உசுரு போச்சுக்கா. குடுத்து வச்சவரு."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வாசலுக்குப் போனேன். சாம்பலைக் காலாலேயே கிளறினேன். டயர்க் கம்பிகளுக்கு நடுவே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு அலுமினியக் குப்பி வெடித்துப் பிளந்து கிடந்தது. அதைக் கொண்டுவந்து செங்கமலத்தின் கையில் வைத்தேன்.

"இன்னாக்கா இது?"

"உங்க மாமாவோட மூச்சு" என்றேன்.