தில்லைநாயகத்துக்கு இரண்டு மணி நேரம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மங்கையர்க்கரசி தன் கைபேசியில், கணவர் தில்லைநாயகத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தாள்.

அமைப்புகளுக்குள் போய் மேலிருந்து ஏழாவது வரியைத் தொட்டால், ஒருவருடைய நாள் எதில் எதில் போகிறது என்று கைபேசி பட்டை பட்டையாகக் காட்டும். அவளுடைய நாளில் டிவி தொடர் நாற்பது நிமிடம், சமையல் வீடியோ இருபத்தைந்து நிமிடம், ஓசூரில் இருக்கும் மகளோடு பேச்சு பதினொரு நிமிடம், தில்லைநாயகம் ஒன்பது மணி ஐம்பது நிமிடம் என்று இருந்தது. அவருடைய பட்டை திரைக்குள் அடங்கவில்லை. அதன் மேல் விரலை வைத்தால் மணற்கடிகாரம் ஒன்று வந்தது. வைத்தாள்.

தில்லைநாயகம் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துச் சித்திரை மாதம் ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். குக்கர் ஏன் இரண்டு விசிலோடு நிற்கிறது, துவரம்பருப்பு என்று எழுதிய டப்பாவில் கடலைப்பருப்பு எப்படி வந்தது, வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்று எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார்.

கைபேசி நான்கு இலக்க எண் ஒன்று கேட்டது. மனதில் வந்ததைப் போட்டாள். எண் மறந்துபோனால் கேட்பதற்கு ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பட்டியலில் முதலில் இருந்ததைத் தொட்டாள்: ‘இவருக்கு மிகவும் பிடித்த உணவு எது?’ பதிலை அவள் எழுத வேண்டியதில்லை. சம்பந்தப்பட்டவரிடமிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்த தில்லைநாயகம், எட்டு மணிக்கு மிக்சியின் பக்கத்தில் நின்று எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதத்திலிருந்து சாம்பல் நிறமாக மாறினார். நிறம் முழங்காலைத் தாண்டி, பனியனைத் தாண்டி, நெற்றி வரை ஏறியது. மங்கையர்க்கரசி அவரை மெதுவாக நகர்த்தி ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தேங்காய் அரைத்தாள்.

பக்கத்து வீட்டு மெகருன்னிசா கறிவேப்பிலைக்கு வந்தவள் அவரைப் பார்த்தாள்.

“எத்தனை மணி நேரம்க்கா வச்சிருக்கீங்க?”

“ரெண்டு.”

“நான் எங்க வீட்டுக்காரருக்கு மூணு வச்சிருக்கேன். தொழுகை நேரம் கணக்குல சேராது. விதிவிலக்குன்னு உள்ள ஒரு இடம் இருக்கு, பாருங்க.”

மங்கையர்க்கரசி பார்த்தாள். குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் விதிவிலக்கு கொடுத்தாள். மறுநாள் ஆறு மணிக்கு நிறம் வந்ததும் தில்லைநாயகமும் அதுதான் நியாயம் என்றார்.

முதல் மாதம் அவள் மூன்று ரவிக்கை தைத்தாள். மூன்றாவதற்குக் கொக்கி வைக்கும்போது கொக்கி டப்பாவைக் காணவில்லை. எங்கே என்று கேட்க வாயெடுத்துத் திரும்பினாள். அவர் சாம்பலாக இருந்தார். டப்பாவைத் தேடி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

இரண்டாவது மாதம் தில்லைநாயகம் குளித்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார். எங்கே என்று சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் நேரம் ஆகும். திரும்பி வாசல்படி ஏறும்போதே முழங்கால் வரை நிறம் போயிருக்கும். நாற்காலியில் உட்கார்வார், முடிந்துவிடும். அவர் வெளியே எங்கிருந்தாலும் கைபேசி கணக்கு வைத்தது. ஆனால் மங்கையர்க்கரசியின் பட்டையில் தில்லைநாயகம் நான்கு நிமிடம் என்று வந்தது. பிறகு மூன்று.

ஒரு வியாழக்கிழமை அவர் பின்னால் போனாள். அவர் தெருமுனையில் சத்திரம் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவளும் ஏறி இரண்டு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் மடியில் மிக்சி ஜார் வைத்திருந்த ஒருவர் இருந்தார். தில்லைநாயகம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்ல சாதத்துக்கு ரெண்டு விசில்தான். மூணு விட்டா குழைஞ்சிடும்.”

“ஆமாமா,” என்றார் ஜார்க்காரர்.

“அது எனக்கும் தெரியும். சும்மா கேப்பேன். கேட்டா வேலையை விட்டுட்டு ஒரு தடவை நிமிந்து பார்ப்பா.”

ஜார்க்காரர் தலையாட்டினார். பஸ் சத்திரம் போய்த் திரும்பியது. ஜார்க்காரரும் இறங்காமல் கேட்டுக்கொண்டே வந்தார். மங்கையர்க்கரசிக்குக் குளிர்காலத்தில் இடது தோள் வலிப்பது, அவள் வெங்காயம் நறுக்கும்போது மூக்கால் மூச்சு விடாமல் இருப்பது, கோபம் வந்தால் டப்பா மூடிகளை மாற்றிப் போடுவது எல்லாம் அவருக்குச் சொல்லப்பட்டன. அவளுக்கு இதில் பாதி தெரியாது.

அன்று ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நீளமாகப் போனது. தில்லைநாயகம் வாசல் குழாயைப் பற்றித் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் சாம்பலானார்.

நடத்துநர் வந்தார். “இது யாரோடது?”

“என்னோடதுதான்,” என்றாள் மங்கையர்க்கரசி.

“லக்கேஜ் டிக்கெட் எடுத்துடுங்கம்மா.”

“அவர் டிக்கெட் எடுத்திருக்காரே.”

“அது கலர்ல இருந்தவருக்கு.”

அவள் லக்கேஜ் டிக்கெட் எடுத்தாள். சாம்பலானவர்கள் அவ்வளவு கனமில்லை. ஜார்க்காரர் கால்பக்கம் பிடித்தார். இறக்கி வைத்துவிட்டு, “குழாய் என்ன ஆச்சுன்னு நாளைக்குக் கேட்டுக்கறேன்,” என்று சொல்லிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் வரம்பை நீக்க உட்கார்ந்தாள். எண் நினைவில் இல்லை. கல்யாணமான வருடத்தைப் போட்டாள். தவறு என்று வந்தது; ஒவ்வொரு தவறுக்கும் வரம்பு பாதியாகும், விதிவிலக்குகளும் செல்லாது என்றும் வந்தது. ஒரு மணி நேரம். மகள் பிறந்த வருடத்தைப் போட்டாள். அரை மணி. பழைய வீட்டுக் கதவு எண்ணின் முன்னால் இரண்டு சுழியம் சேர்த்துப் போட்டாள். பதினைந்து நிமிடம்.

கைபேசியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் பிரிஜிட்டாவிடம் போனாள். பிரிஜிட்டா திரையைத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

“இனிமே நம்பர் போடாதீங்க ஆன்ட்டி. கேள்வி வழியா உள்ள போங்க. ஆனா அது ஒரு தடவைதான் கேக்கும்.”

“தப்பாச்சுன்னா?”

“அங்கிள் காப்பகத்துக்குப் போயிடுவாரு. அங்கருந்து எடுக்கலாம். எங்க கடையில அந்த வசதி இல்ல.”

கேள்வி வந்தது. வத்தக்குழம்பு என்று அடிக்க மங்கையர்க்கரசி விரலை நீட்டினாள். முப்பத்து நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வத்தக்குழம்பு வைத்திருக்கிறாள். அவர் ஒரு தடவையும் பிடிக்கவில்லை என்று சொன்னதில்லை. பிடிக்கும் என்றும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. விரலை மடக்கிக்கொண்டாள். அந்த மடக்கிய விரலோடுதான் வீடு வரை நடந்து வந்தாள்.

மறுநாள் ஆறு மணிக்குத் தில்லைநாயகத்துக்கு நிறம் வந்தது. அவர் சட்டையை எடுக்கப் போனார்.

“என்னங்க, இன்னிக்குப் போக வேணாம். பதினைஞ்சு நிமிஷம்தான் இருக்கு. ஒண்ணு கேக்கணும்.”

அவர் உட்கார்ந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அதற்கு இரண்டு நிமிடம் போனது.

“உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எது?”

தில்லைநாயகம் யோசிக்க ஆரம்பித்தார். பணிமனையில் அச்சாணிக்கு அளவு எடுத்தவர். தோராயமாகச் சொல்லிப் பழக்கமில்லை. கூரையைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்துவதற்கும் நேரம் ஆகும். அவருடைய பாதம் சாம்பலானது. பதினான்காவது நிமிடம் முடிந்து கொஞ்ச நேரம் ஆனபோது அவர் முகம் தெளிந்தது.

“ஆறிப்போன...” என்றார். அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தார். நிறம் நெற்றிக்கு ஏறிவிட்டது.

மங்கையர்க்கரசி மெகருன்னிசாவைக் கூப்பிட்டாள். மெகருன்னிசா தன் கைபேசியில் டார்ச் போட்டு அவர் வாய்க்குள் பார்த்தாள். பிறகு ஒரு படம் எடுத்து இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

“நாக்கு நுனி மேல்பல்லுல பட்டிருக்குக்கா. இட்லி இல்ல.”

“சாதம்?”

“சாதத்துக்கு நாக்கு பல்லு மேல படாது. சொல்லிப் பாருங்க.”

இருவரும் சொல்லிப் பார்த்தார்கள். படவில்லை.

“தயிர்ல ஏதாவது?”

“உதட்டைப் பாருங்க, குவிஞ்சிருக்கு. தயிருக்குக் குவியாது.” மெகருன்னிசா இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். “ஒண்ணு துவையல். இல்லன்னா தோசை.”

மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அந்த வாயை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மேல் உதட்டில் ஒரு பழைய தழும்பு இருந்தது.

“ஆறிப்போன துவையல்னு யாரும் சொல்ல மாட்டாங்க மெகரு,” என்றாள் கடைசியில். “துவையல் எப்பவுமே ஆறினதுதான்.”

ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ‘ஆறிப்போன தோசை.’ கைபேசி கொஞ்ச நேரம் சுற்றியது. மெகருன்னிசா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், இடது தோளை. வரம்பை நீக்கவா என்று கைபேசி கேட்டது.

பாதத்திலிருந்து நிறம் வந்தது. கைலியின் கட்டங்கள் பச்சையாயின.

“...தோசை,” என்றார் தில்லைநாயகம். “முதல் ஷிப்ட்டுக்கு நீ கட்டிக் குடுப்பியே. பத்து மணிக்குத் தொறந்தா ஜில்லுன்னு இருக்கும்.”

“சூடாக் குடுக்க முடியலையேன்னு நான் அப்பல்லாம் வருத்தப்பட்டுக்கிட்டிருந்தேன்.”

“சூடா இருந்தா அது வேற தோசை.”

மெகருன்னிசா தன் வீட்டுக்காரருக்கு மணி பார்த்துவிட்டுப் போனாள். மங்கையர்க்கரசி நான்கு தோசை ஊற்றி, தட்டில் பரப்பி, ஆறுவதற்காக மின்விசிறிக்குக் கீழே வைத்தாள். சட்னிக்குத் தேங்காய் இல்லை. தில்லைநாயகம் தானே வாங்கி வருவதாகச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருவில் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சாம்பல் போகும்போது நிழலின் கறுப்பையும் கொண்டுபோயிருந்தது; அவருடைய நிழல் வெள்ளையாக விழுந்தது. மடிப்புக் கலையாத வேட்டியை விரித்தது போல அது அவருக்கு முன்னால் நீண்டு கிடந்தது. தெருவில் நேற்றைய மழைத் தண்ணீர் அங்கங்கே தேங்கியிருந்தது.

“ஓரமாப் போங்க,” என்றாள் மங்கையர்க்கரசி வாசலில் நின்று. “வெள்ளை, சீக்கிரம் அழுக்காயிடும்.”

“பாத்துக்கறேன்.”

“அப்படியே ஒரு சொட்டு நீலமும் வாங்கிட்டு வந்துடுங்க.”